அமெரிக்கக் கடையில் வாங்கி ராமநாதபுரத்தில் பிரிப்பது: பெட்டியின் அளவும் பில்லின் ஒரு வரியும்

அமெரிக்கக் கடையின் தளத்தில் ஒரு பொருளுக்கு 60 டாலர் போட்டிருக்கிறது. அது பாம்பனுக்கோ கீழக்கரைக்கோ வந்து சேரும்போது கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு என்று அந்த 60-ஐ வைத்துச் சொல்ல முடியாது. பெட்டியின் நீள அகல உயரத்தைக் கேட்க வேண்டும். பெட்டிமேல் ஒட்டுகிற பில்லில் பொருளின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை. கட்டிய பிறகு தெரிந்து ஒன்றும் ஆவதில்லை.

பார்வர்டிங், அதாவது அங்கே ஒரு கிடங்கு பொருளை வாங்கி வைத்து இங்கே அனுப்பும் ஏற்பாடு, தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். நிறையப் பேர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமேசான்.காம் தளத்தில் டெலிவரி இடத்தை இந்தியா என்று மாற்றினால், நேரே இங்கே அனுப்பக்கூடியது எது, அனுப்பாதது எது என்று ஒவ்வொரு பொருளிலும் தெரியும். சுங்க வரிக்கு ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். வரி அதைவிடக் குறைந்தால் மீதி திரும்பி வரும். ஈபேயிலும் அவர்களுடைய சொந்த வெளிநாட்டு அனுப்பு ஏற்பாட்டில் பல பொருள்கள் கிடைக்கும். கேமரா சாமானுக்கு நியூயார்க்கின் பி அண்ட் எச் போன்ற கடைகள் நேரே இந்தியாவுக்கு அனுப்புகின்றன. நேரே வருவது சில நூறு ரூபாய் கூடுதலாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள் என்பேன். பொருள் உடைந்தாலும் மாறி வந்தாலும் பதில் சொல்ல ஒரே ஆள் இருப்பார். பார்வர்டிங்கில் கடைக்காரர் கிடங்கைக் காட்டுவார், கிடங்கு கடைக்காரரைக் காட்டும்.

நேரே வர வழியே இல்லை என்றால்தான் பார்வர்டிங். ஏற்பாடு எளிது. அமெரிக்காவில் ஒரு கிடங்கு உங்களுக்கென்று ஒரு முகவரி தரும். அந்த முகவரியை ஆயிரக்கணக்கான பேர் பயன்படுத்துகிறார்கள். உங்களை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது சூட் நம்பர் என்ற எண் மட்டும்தான். அதைக் கடையின் படிவத்தில் இரண்டாவது முகவரி வரியில் போடச் சொல்வார்கள். அந்த வரியைச் சில கடைகள் லேபிளில் அச்சடிப்பதில்லை. அப்படி வந்த பெட்டி கிடங்கில் ஆள் தெரியாத பார்சல்களோடு போய்ச் சேரும். பில்லைக் காட்டி மீட்க ஒரு வாரம் ஆகும். அதனால் பெயருக்குப் பின்னாலேயே எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பெயர், இடைவெளி, எண். முகவரி வரியிலும் ஒருமுறை போடுங்கள். இரண்டு இடத்திலும் இருந்தால் ஒன்றாவது தப்பிப் பிழைக்கும்.

கிடங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதும் காசு விஷயம். அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா ஆகியவற்றில் மாநில விற்பனை வரி கிடையாது. புளோரிடாவில் 6 சதவீதம். கலிபோர்னியாவில் குறைந்தபட்சமே 7.25, ஊருக்கு ஊர் அதற்கு மேலும் ஏறும். 200 டாலர் பொருளுக்கு இது 12 டாலரில் தொடங்கி 20 டாலருக்கு மேலும் போகும். பெரிய பார்வர்டிங் நிறுவனங்கள் பல இரண்டு மூன்று மாநிலங்களில் முகவரி தருகின்றன. வரியில்லாத மாநிலத்து முகவரிக்குத் தனிச் சந்தா கேட்டால், வருடத்தில் எத்தனை தடவை வாங்கப்போகிறோம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

அமெரிக்க அஞ்சல் துறை வழியாகக் கிடங்குக்கு வரும் பார்சலை உங்கள் சார்பில் வாங்கிக்கொள்ள, படிவம் 1583 என்று ஒன்று கேட்பார்கள். இரண்டு அடையாளச் சான்றும், நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்தும் வேண்டும். வீடியோ வழியாக நோட்டரி செய்து தரும் சேவைகள் இருக்கின்றன. கணக்குத் திறந்த அன்றே இதை முடித்து வையுங்கள். விற்பவர் எந்த வழியில் அனுப்புவார் என்று உங்களுக்குத் தெரியாது. அஞ்சலில் அனுப்பிவிட்டால் படிவம் இல்லாமல் பார்சல் கிடங்கு வாசலில் நிற்கும்.

அடுத்த தடை கார்டு. இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே மூடி வைக்கப்பட்டிருக்கும். 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி வைத்த விதி அது. வங்கி ஆப்பில் நாமே திறந்து வரம்பும் வைக்க வேண்டும். வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுவது நல்லது. திறந்த பிறகும் சில கடைகள் மறுக்கும். அவர்கள் கார்டின் பில்லிங் முகவரியிலுள்ள, அதாவது வங்கியில் பதிவான முகவரியிலுள்ள, எண்களையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியிடம் சரிபார்ப்பார்கள். 623501 என்ற ஆறு இலக்கப் பின்கோடு அவர்களுடைய ஐந்து இலக்கக் கட்டத்துக்குள் நுழையாது. அமெரிக்க முகவரியையே பில்லிங் முகவரியாகப் போட்டுத் தள்ளிவிடலாம் என்று சிலர் பார்ப்பார்கள். கடையின் கண்ணுக்கு அது திருட்டுக் கார்டு மாதிரித் தெரியும். ஆர்டர் ரத்தாகும், கணக்கே முடங்கவும் செய்யும்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் ப்ராக்ஸி, அதாவது நமக்காக வாங்கித் தருகிறவர்கள். இணைப்பு, அளவு, நிறம், எண்ணிக்கை எல்லாம் எழுதிக் கொடுத்தால் அவர்கள் தங்கள் கார்டில் வாங்கிக் கிடங்கில் சேர்ப்பார்கள். பொருள் விலையில் ஒரு சதவீதத்தைக் கூலியாக வாங்குவார்கள், குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. 15 டாலர் பொருளுக்கு அந்தக் குறைந்தபட்சமே கழுத்தை நெரிக்கும். எழுதிக் கொடுக்கும்போது கடையின் மாடல் எண்ணை அப்படியே போடுங்கள். "கறுப்பு, நடுத்தர அளவு" என்று எழுதினால் அவர்கள் கண்ணில் பட்டது வரும். வந்ததைத் திருப்புவதற்கும் தனிக் கட்டணம். கையிருப்பு இல்லையென்றால் வேறு வாங்கலாமா, ரத்து செய்யலாமா என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

கார்டில் வங்கி எடுப்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு நாணய மார்க்அப், அதாவது டாலர் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம், பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13.

பெட்டிதான் பணம்

வான்வழிக் கூரியர்கள் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். தராசு காட்டுவது ஒன்று. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவது இன்னொன்று. இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் காசு. அங்குலத்திலும் பவுண்டிலும் கணக்குப் போட்டால் வகுக்கும் எண் 139.

நம் கரையில் ஆட்கள் தேடுகிற மூன்று பொருளை எடுத்துக்கொள்வோம். நீச்சல் துடுப்பு ஒரு ஜோடி, 65க்கு 25க்கு 15 செ.மீ பெட்டி. பெருக்கினால் 24,375. 5000-ஆல் வகுத்தால் 4.875, பில்லில் 5 கிலோ. தராசில் 2 கிலோகூட இருக்காது. தூண்டில் ரீல் ஒன்று, கடை அனுப்பிய அட்டைப்பெட்டி 30க்கு 25க்கு 20. அது 3 கிலோ. ரீல் முக்கால் கிலோதான். வெளிப்பெட்டியைக் கழற்றிவிட்டு ரீலின் சொந்தப் பெட்டியோடு மட்டும் கட்டச் சொன்னால் ஒரு கிலோவில் அடங்கிவிடும். மூன்றாவது, பவர் லென்ஸ் வைத்த டைவிங் மாஸ்க். 20க்கு 12க்கு 12, அரைக் கிலோவுக்குச் சற்றே மேல்.

இந்த மூன்றில் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கத் தகுந்தது மாஸ்க்தான். சின்னபாலம், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களில் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதா மாஸ்க் போட்டால் பாறையில் இருப்பது பாசியா கடல் முள்ளெலியா என்றே தெரியாது. பவர் லென்ஸ் மாஸ்க்கில் இடது வலது லென்ஸைத் தனித்தனியாக, அரை அரை பவர் இடைவெளியில் தேர்ந்தெடுக்கலாம். ஆர்டரில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் குறியோடு எழுத வேண்டும். மைனஸ் 2.25 பவர் இருந்தால் 2.0 எடுப்பது வழக்கம். தண்ணீருக்குள் பொருள்கள் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரிவதுதான் காரணம். கண் சீட்டில் உள்ள சிலிண்டர் பவர் இந்த ரெடிமேட் லென்ஸ்களில் வராது. அது அதிகமாக உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரீலை முழுதாக வாங்குவதைவிட அதன் உதிரிபாகத்தை வாங்குவது புத்திசாலித்தனம். சீலா மீனுக்கும் பாரை மீனுக்கும் இழுத்து இழுத்து, நூலைப் பிடித்துக் கொடுக்கும் டிராக் வாஷர் தேய்ந்திருக்கும், உப்பு ஏறி பேரிங் கரகரக்கும். பென் கம்பெனி ரீல்களுக்கு எச்டி-100 (HT-100) என்ற கார்பன் டிராக் வாஷர் தனியாகவே கிடைக்கிறது. ஒரு செட் சில கிராம்தான். ரீலின் காலடியில் பொறித்த மாடல் பெயரையும் எண்ணையும் படம் எடுத்து, அந்த மாடலின் உடைத்துக் காட்டிய வரைபடத்தில் பாகத்தின் எண்ணைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். மாடல் மாறினால் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். வாஷர் பொருந்தாமல் போகும். இந்த மாதிரிச் சின்னப் பொருளுக்குக் கூரியரை விட அமெரிக்க அஞ்சலின் பர்ஸ்ட் கிளாஸ் சர்வதேசப் பார்சல் மலிவு. எடை 4 பவுண்டுக்குள், மதிப்பு 400 டாலருக்குள் இருக்க வேண்டும். மெதுவாக வரும். சீசனுக்கு முன்னால் வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

பல கடைகளில் வாங்கியதை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். இதில்தான் நிஜமான மிச்சம். முதல் அரைக் கிலோவுக்கு வைக்கும் கட்டணம் எப்போதும் கனம். அடுத்தடுத்த அரைக் கிலோக்கள் குறைவு. மூன்று பெட்டியாக வந்தால் அந்த முதல் அரைக் கிலோவை மூன்று தடவை கட்டுகிறோம். ஆனால் சேர்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று உள்ளே இருந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கும். பேட்டரி உள்ளதைத் தனியாகவும் இல்லாததைத் தனியாகவும் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாள் முடிந்ததும் தினவாடகை ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் அங்கே பிளாக் ப்ரைடே தள்ளுபடி. கிடங்குகள் மூச்சுமுட்டி நிற்கும். மறுபக்கம் நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் அட்டைப்பெட்டி எந்தக் குடோன் தரையில் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரவழைப்பதாக இருந்தால், உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டும்படி கிடங்குக்கு எழுதுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

கிடங்கை விட்டுக் கிளம்பும் முன் படம் கேளுங்கள். ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு டாலர் வாங்குவார்கள். பொருளின் மாடல் எண், அடாப்டரில் உள்ள அச்சு, பெட்டியின் நான்கு பக்கம். இது ஏன் அவசியம் என்றால், ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் பொருள் கிடங்கைத் தாண்டி வேறு முகவரிக்கு அனுப்பப்பட்டதோடு முடிந்துவிடுகிறது. குறை இருந்தால் கிடங்கில் இருக்கும்போதே சொல்லிக் கடைக்குத் திருப்ப வேண்டும். இங்கே பிரித்துப் பார்த்துப் புகார் கொடுத்தால் கேட்பார் இல்லை.

பில்லில் எழுதும் வரி

கிளம்பும் முன் சுங்கத்துக்கான விவரத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை. சிலர் "பார்ட்ஸ்" என்று மொட்டையாக எழுதுவார்கள். சிலர் "கிப்ட்" என்று எழுதுவார்கள். இரண்டும் கெடுதல். பரிசுப் பொருளுக்கு 5,000 ரூபாய் வரை வரியில்லை என்ற பழைய சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே அதில் விதிவிலக்கு. மற்றதைப் பரிசு என்று காட்டி வரியில்லாமல் சுங்கத்தில் எடுக்க முடியாது. கிப்ட் என்று எழுதினால் சலுகைக்குப் பதிலாகச் சந்தேகம்தான் கிடைக்கும். "மீன்பிடி ரீலுக்கான கார்பன் வாஷர், புதியது, 1 செட், சொந்த உபயோகம்" என்று எழுதுங்கள். அதிகாரி ஒருமுறை படித்ததும் என்னவென்று புரிய வேண்டும்.

விலையைக் குறைத்துப் போடலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. போடாதீர்கள். சுங்க அதிகாரி அதே தளத்தைத் திறந்து விலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் பறிமுதலும் 112-இல் அபராதமும் இருக்கிறது. பார்சல் தொலைந்தால் காப்பீடு கிடைப்பதும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

சொந்த உபயோகத்துக்கு அஞ்சலிலும் விமானத்திலும் வரும் வரிக்குரிய பொருள்களுக்குச் சுங்கத் தீர்வைப் பட்டியலில் 9804 என்று ஒரே தலைப்பு. இதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. ஆனால் ஒரே மாதிரி மாஸ்க் ஆறு போட்டால் சொந்த உபயோகம் என்று நம்பமாட்டார்கள். ஊரில் நாலு பேருக்குச் சேர்த்து வாங்குகிறவர்கள் அவரவர் பெயரில் தனித்தனியாக அனுப்பச் சொல்வதே ஒழுங்கு.

வரி ஏறும் விதம் இது. பொருள் விலை, சரக்குக் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்தது சுங்க மதிப்பு. அதன்மேல் அடிப்படைத் தீர்வை. தீர்வையில் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ். இவை எல்லாம் சேர்ந்த தொகைமேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிமேல் வரி. தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். கணக்குப் புரிவதற்காக 20 என்றும், ஐஜிஎஸ்டி 18 என்றும் வைப்போம். 100 ரூபாய் மதிப்புக்குத் தீர்வை 20, சர்சார்ஜ் 2, ஆக 122. அதில் 18 சதவீதம் 21.96. மொத்த வரி 43.96. ஆர்டர் போடும் நாளில் உள்ள விகிதத்தை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

இனி பலருக்குத் தெரியாத ஒரு விதி. 2007-ஆம் வருட சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதிப்படி, விமானத்தில் வரும் சரக்குக்குக் கூலி எவ்வளவு ஆனாலும் சுங்க மதிப்பில் சேர்ப்பது பொருள் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம். அந்தத் துடுப்பையே எடுப்போம். விலை 60 டாலர், கூரியர் கூலி 70 டாலர் என்று வையுங்கள். விதிப்படி மதிப்பு 60, 12, 0.68 சேர்ந்து 72.68, வரி சுமார் 32 டாலர். கூரியர்காரர் முழுக் கூலியையும் சேர்த்துப் போட்டால் மதிப்பு 130.68, வரி 57-ஐத் தாண்டும். 25 டாலர் வித்தியாசம். வரித் தொகையைக் கட்டச் சொல்லி லிங்க் வந்ததும் கட்டிவிடாமல், மதிப்பு எப்படிப் போட்டார்கள் என்று விவரத்தாளை அனுப்பச் சொல்லுங்கள். கூலி 20 சதவீதத்துக்கு மேல் சேர்ந்திருந்தால் விதியின் எண்ணைச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு.

விதிப்படி போனால்கூட 60 டாலர் துடுப்பு 70 கூலியும் 32 வரியும் கார்டுக்கு ஐந்தும் சேர்ந்து 167 டாலர். துடுப்பை உள்ளூரில் வாங்குங்கள்.

கூரியர் நமக்காக வரியை முன்கட்டி வைத்ததற்கு ஒரு தனிக் கட்டணமும் போடுவார்கள். அஞ்சலில் வந்தால் அது மிகக் குறைவு. சென்னை வெளிநாட்டு அஞ்சல் பிரிவில் வரி போட்டு அனுப்புவார்கள், தபால்காரரிடம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்க அஞ்சலின் 13 எழுத்து எண், கடைசியில் யுஎஸ் என்று முடிவது, இந்தியா போஸ்ட் தளத்திலும் தேடினால் காட்டும். "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 49 ரூபாய் கட்டுங்கள்" என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். கூரியரின் தளத்தில் டிராக்கிங் எண்ணை நாமே தட்டிப் பார்த்து அங்கிருந்துதான் கட்ட வேண்டும்.

இன்ஷியல் தகராறு

கூரியரில் வரும் பார்சலுக்குக் கேஒய்சி கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் ஏதாவது ஒன்று. லேபிளிலுள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்கப் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார், ஆதாரில் "மு" என்ற இன்ஷியல் மட்டும் இருக்கும். இன்னொருவர் இன்ஷியலை விட்டுவிடுவார், பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பார்சல் பத்து நாள் அங்கேயே கிடக்கும். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, கணக்குத் திறக்கும்போது போடுங்கள். கட்டம் காலியாக விட முடியாதென்றால் இன்ஷியலை இரண்டாவது கட்டத்தில் போடலாம்.

முகவரி வரிக்குப் பல கூரியர்களில் 35 எழுத்துதான் இடம். "பள்ளிவாசல் பின்புறம், ரேஷன் கடை எதிரில்" என்று எழுதினால் பாதியில் வெட்டுப்படும். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு போதும். கீழக்கரையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் 623517 சரியாக இருந்தால் வந்துவிடும். ராமேஸ்வரம் 623526. கைபேசி எண் பத்து இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும்; தீவுப் பக்கமும் உள்கிராமங்களும் பல கூரியர்களுக்குத் தொலைப்பகுதி. கூடுதல் கட்டணம் உண்டா என்று பின்கோடு போட்டு முன்கூட்டியே பாருங்கள். ராமநாதபுரம் டவுனில் உறவினர் முகவரி இருந்தால் அதையே டெலிவரி முகவரியாகப் போட்டு, பெயரை மட்டும் உங்களுடையதாக வைக்கலாம்.

இந்தக் கரையில் வரவழைக்கவே கூடாதவை

கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அப்பாவுக்காக ஆசையாகத் தேடுகிற பொருள் ஒன்று: செல்போன் டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. கார்மின் இன்ரீச் அதில் பிரபலம். அது இரிடியம் செயற்கைக்கோள்களில் ஓடுகிறது. இந்தியாவில் அனுமதியின்றி செயற்கைக்கோள் போன் வகைகளை வைத்திருப்பதே குற்றம். இலங்கை எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில், படகில் அது அகப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெறும் ஜிபிஎஸ் கருவி வேறு, அது நிலை காட்டும், எதையும் அனுப்பாது. வாங்கும்போது விவரக்குறிப்பில் "செய்தி", "எஸ்ஓஎஸ்", "சந்தா" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள்.

படகிலிருந்து பேசும் மரைன் விஎச்எப் ரேடியோவுக்கும் வாக்கிடாக்கிக்கும் அலைவரிசை உரிமமும் கருவிக்கான அனுமதியும் வேண்டும். உரிமம் உள்ளவர்கள் இங்கே முறையாக விற்பவரிடமே வாங்கட்டும். ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது. பறக்கவிடுவதும் இந்தப் பக்கம் வினைதான். இ-சிகரெட் 2019-இலிருந்து தடை. பழைய பொருள், ஈபேயில் "யூஸ்டு" என்று இருப்பது, இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வரும். எலக்ட்ரானிக்ஸ் என்றால் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். மருந்து வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு வேண்டும், அளவு நூறு வேளைக்கு மேல் போகக் கூடாது.

பவர்பேங்க், தனி லித்தியம் பேட்டரி ஆகியவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பெரும்பாலான கிடங்குகள் வாங்கவே மாட்டா. கருவிக்குள்ளேயே உள்ள பேட்டரி போகும், முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக ஊதிக்கொள்ளும் லைப் ஜாக்கெட்டில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருப்பதால் அது அபாயச் சரக்கு, அந்தப் பட்டியலில் அதன் எண் யுஎன் 2990. கடைக்காரர் கிடங்குவரை தரைவழியாக அனுப்பிவிடுவார், அங்கிருந்து விமானம் ஏறாது. நீங்கள் வாங்கிய பொருள் அமெரிக்காவிலேயே சிறைப்பட்டுவிடும்.

மீன் பார்க்கும் சோனார் கருவி, அதாவது பிஷ் பைண்டர், 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் மின்சாரப் பிரச்சினை இல்லை. அமெரிக்க மாடலில் ஏற்றிய வரைபடம் அமெரிக்க நீர்நிலைகளுக்கானது. மன்னார் வளைகுடா வெறும் நீலமாகத் தெரியும். நம் கடலுக்கான சார்ட் கார்டைத் தனியாக வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அல்லது வரைபடமில்லாத, ஆழமும் மீனும் மட்டும் காட்டும் மாடலை எடுங்கள்.

வீட்டுச் சாமானுக்கு மின்சாரம்தான் வினை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. அடாப்டரின் பின்னால் பொடி எழுத்தில் "இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் நேரே சொருகிய நொடியில் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சிலவகை மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றி அதிகம் சூடாகும். 1000 வாட் சமையல் பானைக்கு 1500 விஏ டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் எடையும் விலையும் பானையை விழுங்கிவிடும். சூடாக்குகிற எதையும் அங்கிருந்து வாங்க வேண்டாம்.

அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் 14 முதல் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். உங்கள் சிம் கம்பெனியில் இ-சிம் வசதி இருக்கிறதா, போன் எந்த நெட்வொர்க்குக்கும் பூட்டப்படாததா என்ற இரண்டையும் உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் லேபிள் தெரிய, ஆறு பக்கமும் தெரிய, வெட்டுவதிலிருந்து பொருளை வெளியே எடுப்பதுவரை ஒரே வீடியோவாக எடுங்கள். நடுவில் நிறுத்தினால் காப்பீட்டுக்காரர் ஏற்பதில்லை. அட்டை நனைந்திருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதை எழுதுங்கள். ரீல், மாஸ்க் பெட்டிக்குள் உள்ள சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள், நம் உப்புக்காற்றுக்கு அது வேண்டும். வரி கட்டிய ரசீதையும் சுங்கப் பில்லையும் படம் எடுத்துப் பொருளின் பில்லோடு சேர்த்து வையுங்கள். பின்னால் அதே பொருளை ரிப்பேருக்கு அமெரிக்கா அனுப்பித் திரும்ப வரவழைக்க நேர்ந்தால், முதலில் வரி கட்டி வந்த பொருள் இது என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கிறது.